பஞ்சாங்கம் பாயும் நாற்பதாம் நாள் சாவியும்

எரிச்சலூட்டுவதற்கு என்று காஞ்சிபுரத்தில் ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு பஞ்சாங்கம் பாய்க்கு. இரண்டாம் பரிசும் அவருக்குத்தான். மூன்றாம் பரிசை வேண்டுமானால் என் முதலாளிக்குக் கொடுக்கலாம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போட்டு எட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். எனக்குப் பரிசு வேண்டாம். இரத்தக் கொதிப்பு கிடைத்தது, அதுவே போதும்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பட்டுக் கடைகளின் இணையப் பெயர்களைப் பார்த்துக்கொள்வது தொழில். நீங்கள் போனில் ஒரு கடையின் பெயரைத் தட்டுகிறீர்கள். 'இந்தக் கடை எங்கே இருக்கிறது?' என்று உங்கள் போன் ஊரெல்லாம் விசாரிக்கிறது. பதில் சொல்வது நாங்கள். நடுவில் எவனாவது திருடன் புகுந்து பொய்யான பதிலைச் சொன்னால் நீங்கள் போய் நிற்பது போலிக் கடையில். அங்கே அதே கடையின் படம், அதே பெயர், பாலியெஸ்டர் புடவை. அதனால் எங்கள் பதில் ஒவ்வொன்றிலும் முத்திரை வைத்து அனுப்புவோம். முத்திரை வைக்க ஒரு ரகசியச் சாவி எங்களிடம். அதைச் சரிபார்க்க அதன் ஜோடிச் சாவி ஊர் பார்க்கப் பொதுவில். ஒரே சாவியைக் காலம் முழுக்க வைத்திருக்கக் கூடாது, அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அவ்வளவுதான் விஷயம். இதைப் படிக்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பாய்க்கு இதைச் செய்ய இரண்டு வாரம் ஆகும்.

காரணம் இல்லாமல் இல்லை. உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்கள் நம் பழைய பதில்களைச் சில மணி நேரமோ, ஒரு நாளோ ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஞாபகம் போகும் வரை பழைய சாவியும் புதுச் சாவியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். புதியதை முன்கூட்டியே காட்டி வைக்க வேண்டும், பழையதைத் தாமதமாகத்தான் எடுக்க வேண்டும். இது சரியான விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சரியான விஷயத்தை இவ்வளவு எரிச்சலாகவும் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி.

பாய் ஒலிமுகமது பேட்டைக்காரர். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, பையில் நான்கு நிறத்தில் பேனா. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் புடவை டப்பா அட்டைகளை வெட்டி ஒட்டியிருப்பார். ஒவ்வொரு கடைக்கும் ஓர் அட்டை. அதில் ஒவ்வொரு சாவிக்கும் கட்டம் போட்டு எழுதியிருக்கும்: பிறப்பு, வெளியே காட்டுதல், பொறுப்பேற்பு, ஓய்வு, நாற்பதாம் நாள். எதிரே நாள், மணி, நிமிடம். பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இதனால்தான். நாற்பதாம் நாள் என்பது அவர் வீட்டு வழக்கம். இறந்தவருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிற வரை துக்கம் முடிவதில்லை. அதே கணக்கில், ஓய்வு கொடுத்த சாவியையும் நாற்பது நாள் பீரோவில் உறை போட்டு வைத்திருப்பார். அதற்குப் பிறகுதான் அழிப்பார்.

புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருவர் முதல் நாளே அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"பாய், உங்க குடும்பத்துல இத்தினி பேரா போயிட்டாங்க?"

"இன்னும் போகல பா. நாலு பேர் இருக்காங்க. திங்கக்கிழமை ஒருத்தர் போறார், காலைல பத்து மணிக்கு" என்றார் பாய், தலை நிமிராமல்.

திங்கட்கிழமை வாட்ச்மேன் வேலைக்கு வரவில்லை.

சாவி விவகாரத்தைச் சாவியோடு விட்டால் பரவாயில்லை. மனிதர் வாழ்க்கையையே அப்படித்தான் நடத்தினார். ஆபீசுக்குக் கீழே இருந்த டீக்கடை எதிர்ப்பக்கம் மாறியது. பாய் மூன்று நாள் காலையில் பழைய கடையின் மூடிய ஷட்டர் முன்னால் நின்று, வருகிறவர்களை எல்லாம் "அந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம்" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அப்படி நிற்கச் சொல்லவும் இல்லை, கும்பிடவும் இல்லை. "ஜனங்களுக்குப் பழசு ஞாபகம் இருக்கும்மா. வந்து ஏமாந்து போவாங்க" என்று எனக்கு விளக்கம் வேறு. மூக்குக்கண்ணாடி மாற்றினார். புதுக் கண்ணாடி மூக்கில், பழையது நெற்றியில். பத்து நாள்! நான்கு கண்ணோடு ஒரு மனிதன் எதிரே உட்கார்ந்து உங்களைப் பார்த்தால் தெரியும் என் கஷ்டம்.

புதுச் சாவி பிறக்கிற நாளில் எனக்கு விடுதலையே கிடையாது. இரண்டு பேர் இருந்தால்தான் சாவி செய்ய வேண்டுமாம், அது அவர் சட்டம். போன் இரண்டையும் வெளியே வைக்க வேண்டும். சாவி பிறந்ததும் அதன் கைரேகை என்று ஒரு நீண்ட எழுத்து வரிசை வரும், எழுத்தும் எண்ணும் கலந்து அறுபத்து நான்கு. பாய் ஒவ்வொன்றாகப் படிப்பார், நான் காகிதத்தில் டிக் போட வேண்டும். முடிந்ததும் நான் படிப்பேன், அவர் டிக் போடுவார். முதல் தடவை செய்தபோது, "பாய், காப்பி பேஸ்ட்னு ஒண்ணு கண்டுபுடிச்சிருக்காங்க" என்றேன்.

"கண்ணுன்னு ஒண்ணு அதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிருக்காங்கம்மா" என்றார்.

இனி முதலாளி. சின்ன காஞ்சிபுரத்துக்காரர். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, சர்வருக்கு எலுமிச்சம்பழம். காலண்டரில் நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். புதுச் சாவி எந்த நேரத்தில் பிறக்க வேண்டும் என்று அவரும் பாயும் மாதக் கணக்கில் சண்டை போட்டு, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள்.

"பொறக்குற நேரத்த நீங்க சொல்லுங்க சார். போற நேரத்த நான் சொல்றேன்."

முதலாளி ஒத்துக்கொண்டார். பல வருடம் அது உடையாமல் ஓடியது.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியவர், எல்லோரும் அம்மா என்று கூப்பிடுகிற ஒரு பெண்மணி. தெலுங்கு பேசுகிற நெசவாளர் குடும்பம், சொந்தக் கடை. அவர் கடைக்குப் பெரிய சாவி மாற்ற வேண்டிய முறை வந்தது. இந்தப் பெரிய சாவி கொஞ்சம் வில்லங்கம். இதன் கைரேகையை மேலே, பெயர்களைப் பதிவு செய்கிற இடத்தில் கொடுத்து வைத்திருப்போம். அதைப் பார்த்துத்தான் உலகம் எங்களை நம்பும். சாவியை மாற்றினால் மேலே கைரேகையையும் மாற்ற வேண்டும். இரண்டு வாரம் ஆகும் என்று சொன்னதும் அம்மா நேரே மாடி ஏறி வந்துவிட்டார். நான் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் படிப்புச் சான்றிதழே வாடிப்போயிருக்கும்.

பிறகு பாயிடம் திரும்பினார். "ஏமி பாய், ஒரு கடைக்கு ரெண்டு சாவி எதுக்கு? பழச எடுத்துட்டு புதுசு போட வேண்டியதுதானே?"

"உங்க வீட்ல தறி ஓடுதாம்மா?"

"மூணு ஓடுது."

"தறியில பாவு நூல் தீர்ற சமயத்துல இன்னா பண்ணுவீங்க? பழைய பாவை மொத்தமா அறுத்து எறிஞ்சிட்டு அப்புறமா புதுசை கொண்டாருவீங்களா?"

"எவன் அப்டி பண்ணுவான்? பழைய இழை முனையில புது இழைய ஒண்ணொண்ணா முடிச்சுப் போட்டு இழுக்கணும். அறுத்துட்டா முதல்லேருந்து ஒவ்வொரு இழையா விழுதுல கோக்கணுமே!"

"அத்தத்தாம்மா நானும் பண்ணிக்கினு இருக்கேன்."

"அப்டி சொல்லு! இந்தப் பொண்ணு இவ்ளோ நேரம் இங்கிலீஷ்லயே சுத்திக்கினு இருந்துது."

எனக்கு முப்பத்தெட்டு வயது அப்போது. பொண்ணாம்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, முதலாளிக்குப் புரியவில்லை. அவர் சென்னையில் யாரையோ பார்த்துவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மெட்ராஸ்ல எல்லாம் மிஷினே சாவி மாத்திக்குதாம். இந்தாளு இன்னமும் அட்டை ஒட்டிக்கினு இருக்காரு. ஆடி பொறக்கறதுக்குள்ள பாய அனுப்பிடலாம்னு இருக்கேன். அந்த சீட்டு உனக்குத்தான். அம்மா கடை சாவிய மட்டும் ஆனி முடியறதுக்குள்ள மாத்திக் காட்டு. பாய் இல்லாமலே வேலை நடக்கும்னு எனக்குத் தெரியணும்."

'ஐயோ, அந்த வயதில் அவர் வேறு எங்கே போய் வேலை கேட்பார்' என்று நான் சொல்லியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நல்ல மனசு. நான் "சரிங்க சார்" என்றேன். அன்று மத்தியானம் பாய் தன் டப்பாவைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியாப்பத்தை என் பக்கம் நகர்த்தினார். அதையும் தின்றேன்.

ஆனி மாதக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. புதுச் சாவி பிறந்து, காட்டியாகி, எல்லாம் பாயின் அட்டைப்படி நடந்துகொண்டிருந்தது. அன்று காலை மேலே கைரேகை மாறிவிட்டது. பழைய கைரேகை உலகத்தின் ஞாபகத்திலிருந்து போக வேண்டியதுதான் பாக்கி. பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார்.

"பழைய சாவி ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் எடுக்கணும் சார். மறந்துடாதீங்க."

முதலாளி காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை ஆடி ரெண்டு, பாய். ஆடில நான் எதையும் ஆரம்பிக்க மாட்டேன்."

"இது ஆரம்பிக்கறது இல்ல சார். முடிக்கறது."

"ஆடில எதையும் முடிக்கவும் மாட்டேன்!"

"போற நேரம் நான் சொல்றதுன்னு பேச்சு" என்றார் பாய். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். தொழுகை நேரத்தில் போனை அணைத்துவிடுவார்.

பாய் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், முதலாளி என் மேஜை மேல் காலண்டர் தாளைக் கிழித்து வைத்தார். பன்னிரண்டே காலிலிருந்து ஒன்றே கால் வரை நல்ல நேரம். "பழச இப்பவே தூக்கு. வேரோட அழிச்சிடு. பழசை வெச்சிக்கினு ஆடிக்குள்ள போக வேணாம்."

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எட்டு வருடம் அந்த அட்டைகளைப் பார்த்தவள் நான், காத்திருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எதற்கெடுத்தாலும் இரண்டு மடங்கு நேரம் வைக்கிற ஆள்தானே, இதிலும் சும்மா பூச்சாண்டிதான் காட்டுகிறார் என்று நினைத்தேன். சீட்டு ஆசையும் இருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குப் பழைய சாவியை எடுத்தேன், ரகசியப் பாதியையும் அழித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளி சர்வர் முன்னால் கற்பூரம் காட்டினார்.

ஒரு மணிக்கு அம்மா போன் செய்தார். "இன்னாம்மா, என் கடைய காணோம்!"

என் போனில் பார்த்தேன். கடை ஜம்மென்று திறந்தது. "இருக்குதே அம்மா."

"உனக்கு இருக்குது! சிங்கப்பூர்ல ஒரு கல்யாண வீடு மொத்தமும் உக்காந்து ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை பார்த்துக்கினு இருந்தாங்க. நடுவுல கடையே போயிடுச்சாம்!"

முத்திரையைச் சரிபார்க்காத சோம்பேறிக் கம்ப்யூட்டர்களுக்குக் கடை தெரிந்தது. ஒழுங்காகச் சரிபார்க்கிறவை எல்லாம், ஞாபகத்தில் பழைய கைரேகையை வைத்துக்கொண்டு, அதற்குரிய சாவியைத் தேடி, காணாமல், 'இது போலி' என்று கதவைச் சாத்திவிட்டன. ஒழுங்கானவர்களுக்குத்தான் எப்போதும் கஷ்டம். தூத்துக்குடியில் வருகிறது, துபாயில் வரவில்லை. வேலூரில் அண்ணனுக்கு வருகிறது, தம்பிக்கு வரவில்லை. முதலாளி தன் போனை நீட்டி நீட்டி, "எனக்கு வருதே, எனக்கு வருதே" என்று மாடியில் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் புடவை விற்று என்ன பிரயோஜனம்?

பாய் இரண்டேகாலுக்குப் படியேறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"எப்ப?"

"பன்னெண்டு நாப்பது."

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

முதலாளி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். "நீங்க பாட்டுக்கு பள்ளிவாசலுக்குப் போயிட்டா இங்க யாரு பாத்துக்கறது? எல்லாம் உங்களாலதான் பாய்!"

பாய் பீரோ பக்கம் போனார். பீரோவைத் திறந்து, அரக்கு வைத்து ஒட்டிய ஓர் உறையை எடுத்தார். பழைய சாவியின் நகல், நாற்பது நாள் கணக்குக்காக முன்பே எடுத்து வைத்தது. எடுத்தவர் உடனே உடைத்தாரா? இல்லை. ரிஜிஸ்டரை என் முன்னால் விரித்தார்.

"கையெழுத்து போடும்மா."

"பாய், ஊரே எரிஞ்சிக்கினு இருக்குது!"

"எரியட்டும். நேரம் போடு. ரெண்டு பதினெட்டு இல்ல, ரெண்டு பத்தொம்போது ஆயிடுச்சு."

போட்டேன். பல்லைக் கடித்த சத்தம் அம்மா கடை வரை கேட்டிருக்கும். அதன் பிறகு அவர் கை வேலை செய்ததைப் பார்த்தேன். ஓர் எழுத்து தப்பவில்லை, ஒரு தடவை நிற்கவில்லை. மூன்று மணிக்குள் பழைய சாவி புதியதற்குப் பக்கத்தில் மறுபடி உட்கார்ந்தது. ஊர் ஊராகக் கடை திரும்பி வர ஆரம்பித்தது. சிங்கப்பூர் கடைசியாக வந்தது.

ஐந்து மணிக்கு அம்மா நேரிலேயே வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "யாரு பண்ணது?" என்றார்.

முதலாளி தயாராக இருந்தார். "பாய் டிபார்ட்மென்ட்டும்மா இது. அவரை இன்னையோட அனுப்பிட்டேன்."

பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை போனது அவருக்கே அப்போதுதான் தெரியும். சட்டைப் பையிலிருந்த பேனாக்களை எடுத்து ஒவ்வொன்றாக மேஜை மேல் வைத்தார். நான்கும் ஆபீஸ் பேனா.

"ரிஜிஸ்டர்ல எழுதியிருப்பாரே. காட்டுங்க" என்றார் அம்மா.

முதலாளியே எடுத்துச் சத்தமாகப் படித்தார். "வெள்ளி, பகல் பன்னெண்டு நாப்பது. பழைய சாவி நேரத்துக்கு முன்னாடி எடுக்கப்பட்டது. நம்ம தப்பு." நிறுத்தினார். "நம்மன்னா யாருய்யா?"

"ஆபீசுல இருக்கறவங்க சார்" என்றார் பாய்.

"அந்த நேரத்துல நீங்க ஆபீஸ்லயே இல்லையே!"

"பீரோவ பூட்டினேன். கம்ப்யூட்டர பூட்டாம போயிட்டேன். அது என் தப்பு. மிச்சத்துக்கு நாம எல்லாரும்தான்."

எட்டு வருடத்தில் அந்த மனிதர் ஒரு நிமிடத்தைக்கூடத் தவறாக எழுதியதில்லை. ரிஜிஸ்டரில் பொய் எழுத அவருக்குக் கை வராது, பெயர் எழுதவும் மனம் வரவில்லை. நடுவில் கிடைத்தது அந்த ஒரு வார்த்தை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோபம்தான், வேறொன்றும் இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "எடுக்கச் சொன்னது இவரு. ஆடி வந்துடுமாம். பாய் ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொடாதன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு இல்லாம வேலை நடக்குதான்னு பாக்கத்தான் பண்ணோம். நடக்கலை."

அம்மா முதலாளியைப் பார்த்தார். கத்தவில்லை. "பாவை அறுத்துட்டு தறிய குறை சொல்றியே நாயனா" என்றார். எழுந்து, "பாய் இங்க இருக்கற வரைக்கும் என் கடைப் பேரு இங்க இருக்கும். அவர் போற அன்னைக்கு எடுத்துக்கினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

முதலாளி காலண்டரைப் பார்த்தார். அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆடி இரண்டு. முசரவாக்கத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் லீவு நாளும் அதுவுமாக வந்தேன். பாய் எனக்கு முன்பே வந்திருந்தார். ஆறு மணிக்குப் பழைய சாவியை முறையாக எடுத்தோம். ஒரு கடையும் காணாமல் போகவில்லை. நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஆறு மணி ரெண்டு நிமிஷம்னு எழுது" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அந்த வசதியைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை.

பாயை அனுப்ப முடியாத முதலாளி ஆவணி பிறந்ததும், நல்ல நேரம் பார்த்து, என்னை அனுப்பினார். நியாயம்தான். செய்தது நான். பாய்க்கு மட்டும் அது நியாயமாகப் படவில்லை. முதலாளியிடம் போய் ஒரு மணி நேரம் நின்றார் என்று பிறகு வேறொரு வாட்ச்மேன் சொன்னார். என்னிடம் மூச்சு விடவில்லை.

இப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அங்கே எல்லாச் சாவியையும் மிஷினே பிறப்பித்து, மிஷினே எடுத்துவிடுகிறது. அட்டை இல்லை, அரக்கு இல்லை, டிக் போடச் சொல்ல ஆள் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை பாய்க்குப் போன் போட்டு, "பாய், சாவியில ஒரு சந்தேகம்" என்பேன். மனிதர் முக்கால் மணி நேரம் விளக்குவார். சந்தேகமெல்லாம் ஒன்றும் இல்லை.